போகாத வாரத்தை எங்கே வாடகைக்கு விடுவது?

வத்தலகுண்டு உறவுகளுக்கு, ஆர்லாண்டோவில் குடியேறிய ஊர்க்காரர் ஒருவரின் வணக்கம்.

விடுதியில் வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை விலைக்கு வாங்கும் டைம்ஷேர், மலையடிவாரத்து மக்களுக்குப் புதிதல்ல. 1986-இல் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனத்தின் விடுதிகளைக் கொடைக்கானலில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போன பிள்ளைகளும் இப்போது இதில் மாட்டுகிறார்கள். டிஸ்னி பார்க்கப் போன இடத்தில், சலுகை விலை டிக்கெட்டுக்கு ஆசைப்பட்டு விற்பனையாளரின் பேச்சுக்கு உட்கார்ந்து, ஒரு வாரத்தைத் தலையில் கட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். பராமரிப்புக் கட்டணமே பல இடங்களில் வருஷத்துக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. லீவு கிடைக்காத வருஷம், "சும்மா விடாதே, வாடகைக்கு விடு" என்று ஊரிலிருந்து யோசனை போகிறது. நல்ல யோசனைதான். ஆனால் எங்கே விளம்பரம் போடுவது?

அதற்கு முன், அந்த வாரம் யாருடையது என்று பார்க்க வேண்டும். சொந்த விடுதியில் பதிவு செய்த வாரம் என்றால் பெரும்பாலும் தடையில்லை. ஆர்சிஐ (1974), இன்டர்வல் இன்டர்நேஷனல் (1976) போன்ற பரிமாற்ற நிறுவனங்கள் வழியாக மாற்றி வாங்கிய வாரம் என்றால் கதை வேறு. அதை உறவினருக்குக் கொடுக்கலாம். காசுக்கு விடுவது விதிமீறல். கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

சொந்த வாரம்தான் என்று உறுதியானால், பலரும் முதலில் ஓடுவது ஏர்பிஎன்பிக்கு. கூட்டம் அங்கேதான் அதிகம் என்பது உண்மை. ஆனால் அது வீட்டை வருஷம் முழுக்க விடுகிறவர்களுக்காக உருவான இடம். டைம்ஷேர்காரரிடம் இருப்பது ஏழே இரவுகள். காலண்டரில் மற்ற நாள்களையெல்லாம் அடைத்து, குறைந்தது ஏழு இரவு என்று போட வேண்டும். ஆள் கிடைத்ததும் விடுதிக்குப் போன் செய்து பதிவை அவர் பெயருக்கு மாற்ற வேண்டும். அது விட்டுப்போனால், குழந்தைகளோடும் பெட்டிகளோடும் வந்து நிற்கும் குடும்பத்துக்கு வரவேற்பு மேசையில் சாவி கிடைக்காது. பணமும் விருந்தினர் உள்ளே போய் சுமார் ஒரு நாள் கழித்துத்தான் உரிமையாளருக்குக் கிளம்பும். பராமரிப்புக் கட்டணத்தை ஜனவரியிலேயே கட்டியவர், கோடை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

விஆர்பிஓவும் கிட்டத்தட்ட இதே வகை. 1995-இல் டேவிட் கிளவுஸ் என்பவர் கொலராடோ மலைகளிலிருந்த தன் வீட்டை வாடகைக்கு விடுவதற்காகத் தொடங்கிய தளம் அது. இன்று எக்ஸ்பீடியாவின் கையில் இருக்கிறது.

இவற்றைவிட, டைம்ஷேர் வாரங்களுக்கென்றே இருக்கும் ரெட்வீக் தளத்தின் பக்கம் போவது நல்லது என்பது இந்த மடலை எழுதுபவரின் கட்சி. அங்கே தேடி வருகிறவர் டைம்ஷேர் என்றால் என்ன என்று தெரிந்தே வருகிறார். விடுதியின் பெயரைச் சொன்னாலே போதும். படுக்கையறை எத்தனை என்று நூறு கேள்வி வராது. விளம்பரத்துக்கு ஒரு சிறு கட்டணம் உண்டு. இன்னும் கொஞ்சம் கொடுத்தால், பதிவு உண்மையா என்று அவர்களே விடுதியில் சரிபார்த்து அதை விளம்பரத்திலும் காட்டுகிறார்கள். முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பத் தயங்குகிறவர் அதைப் பார்த்துத்தான் நம்புகிறார். 1993-இல் உரிமையாளர்களே சேர்ந்து தொடங்கிய 'டக்' அமைப்பு இன்னும் சிக்கனமான இடம். ஆனால் பார்க்க வருகிற கூட்டம் சிறியது.

விலை விஷயத்தில் ஆர்லாண்டோ வாரம் ஏமாற்றும். இங்கே டைம்ஷேர் அறைகள் கொட்டிக் கிடப்பதால், செப்டம்பர் வாரத்துக்குப் பராமரிப்புச் செலவைக்கூட எடுப்பது கடினம். கிறிஸ்துமஸ் வாரத்துக்கு நம் மே மாதக் கொடைக்கானல் மாதிரி கிராக்கி. அதே விடுதியில் அதே மாதத்துக்கு மற்றவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து, கொஞ்சம் கீழே வைப்பதே வழி. வரியும் உண்டு. ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்ச் கவுண்டியில் குறுகிய கால வாடகைக்கு விற்பனை வரி 6.5, சுற்றுலா வரி 6, ஆக 12.5 சதவீதம்.

இத்தனைக்கும் நடுவே ஒரு போன் வரும். "உங்கள் வாரத்துக்கு ஆள் தயார், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்பார்கள். மெக்சிகோவிலிருந்து நடக்கும் இத்தகைய டைம்ஷேர் மோசடிகளில் 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 அமெரிக்கர்கள் ஏறத்தாழ 30 கோடி டாலர் இழந்ததாகப் புகார்கள் பதிவாயின. 2024-இல் அமெரிக்க நிதித்துறை இதன் பின்னே ஹாலிஸ்கோ போதைப்பொருள் கும்பல் இருப்பதாகச் சொல்லி, அந்தக் கும்பலோடு தொடர்புடைய கணக்காளர்கள் மீதே தடை விதித்தது. ஒருமுறை ஏமாந்தவரை 'வக்கீல்', 'அரசு அதிகாரி' என்று மறுபடி அழைத்து, இழந்த பணத்தை மீட்டுத் தருவதாக இன்னொரு கட்டணம் கறப்பதும் இதில் ஒரு பகுதி.

ஊரில் விடுதி உறுப்பினர் அட்டை வைத்திருக்கிறவர்களுக்கும் இந்த மாதிரி அழைப்பு வரலாம். வந்தால், "வாடகை கைக்கு வந்ததும் உங்கள் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். லைன் கட்டாகிவிடும்.

அன்புடன்,
ஆர்லாண்டோவிலிருந்து உங்கள் ஊர்க்காரர்