திரையில் ஒருவர், பக்கத்தில் ஒருவர்



ஹல்துமுல்லைத் தோட்டங்களில் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைக்கு, உயர்தரத்தில் இரசாயனவியலையும் பௌதிகவியலையும் தமிழில் யார் படிப்பிப்பது? மலையகத்தில் இந்தப் பாடங்களுக்கான ஆசிரியர் தட்டுப்பாடு இன்று நேற்று வந்ததல்ல. பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போய்ப் படிக்க வசதியில்லாத பலர், மனமில்லாமலே கலைப்பிரிவில் சேர்கிறார்கள்.

ஆசிரியர் இல்லாத அந்த இடத்தைத் தொலைக்காட்சி நிரப்புமா? 1950களின் நடுவில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்பெண்டர், கிரீன்ஹில் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். இரசாயனம் உள்ளிட்ட பாடங்களைச் சில மாணவர்கள் மண்டபத்தில் நேரே கேட்டார்கள். மற்றவர்கள் வேறு அறையில் திரையில் பார்த்தார்கள். பரீட்சைப் புள்ளிகளில் பெரிய வித்தியாசமில்லை. 1967இல் சூ, ஷ்ராம் என்ற ஆய்வாளர்கள் பலவகை வகுப்புகளில் நடந்த 421 ஒப்பீடுகளைத் தொகுத்தபோது, 308இல் இரண்டும் சமம். 63இல் தொலைக்காட்சி முந்தியது, 50இல் வகுப்பறை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அந்த ஆய்வுகளில் தெரிந்த கல்லூரி மாணவர்களின் விருப்பம். பெருங்கூட்டத்து விரிவுரையைவிடத் திரை நல்லது என்றார்கள். ஆசிரியரோடு பேசிப் படிக்கும் சிறு வகுப்பையோ திரைக்கும் மேலே வைத்தார்கள்.

2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோது ‘குரு கெதர’ என்ற தொலைக்காட்சிப் பாடங்கள் நேத்ரா அலைவரிசையில் தமிழிலும் வந்தன. நல்ல முயற்சி, மனமார வரவேற்கிறேன். ஆனால் லயத்து அறையில், அம்மா சமைக்க, தம்பி தங்கை விளையாட, கைநழுவிப்போன சமன்பாட்டை யாரிடம் திருப்பிக் கேட்பது? இரசாயனத்தின் நியமிப்புச் சோதனையோ பார்த்துப் பழகும் காரியமே அல்ல. அளவியின் திருகைப் பிள்ளையின் விரல்தான் பிடிக்க வேண்டும். பினோத்தலீன் விட்ட அமிலக் கரைசல் ஒரே துளியில் இளஞ்சிவப்பாகும் கணத்தில் அந்தக் கை நிற்க வேண்டும்.

அதனால் நான் கேட்பது இரண்டையும்தான். நல்ல ஆசிரியரின் பாடத்தைப் பதிவு செய்து திரையில் கொடுங்கள். பக்கத்தில் விளக்கம் சொல்ல ஒருவரை உட்கார வையுங்கள். தோட்டத்தில் பிறந்து விஞ்ஞானப் பட்டம் பெற்ற அண்ணன்மாரும் அக்காமாரும் நம்மிடையே இருக்கிறார்கள். சனிக்கிழமையில் இரண்டு மணிநேரம் அவர்கள் தரலாம். ஆய்வுகூடம் உள்ள பாடசாலை மாதம் ஒருநாள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறக்கலாம்.

முன்வருகிறவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். மாணவர்களே, நீங்களும் எழுதுங்கள்: எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் விளங்காமல் நிற்கிறீர்கள்? ஆசிரியர்களிடம் விளக்கம் வாங்கி வரும் இதழ்களில் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்