காம்யுவை மதில்மேல் பூனையாக்க வேண்டாம்

அல்பேர் காம்யு எண்டதும் எங்கட ஆக்களுக்கு இரண்டு சாமான்தான் நினைவுக்கு வரும். ஒன்று, கோட் கொலரைத் தூக்கிவிட்டு வாயில் சிகரெட்டோடு நிற்கிற அந்தப் புகைப்படம். மற்றது 'அபத்தம்' என்ற சொல். சோதினையில் கோட்டை விட்டாலும் அபத்தம், காதல் முறிந்தாலும் அபத்தம், வாக்குப் போடப் போகாமல் படுத்திருந்தாலும் அபத்தம். வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் 'அந்நியன்' தமிழில் கிடைக்கிறது. ஆனால் கனபேர் அதன் முதற்பக்கத்தோடேயே காம்யுவை முடித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. (தான் இருத்தலியல்வாதி இல்லை என்று அவரே சொன்னவர். அந்த முத்திரையும் போகவில்லை.)

இவர்களை விட்டுவிடலாம். எங்களுக்குப் பிரச்சினை, அரசியல் கதைக்கிற அண்ணன்மாரோடு. அவர்களுடைய தீர்ப்பு எப்பவோ எழுதி முடிந்தது: காம்யு மதில்மேல் பூனை, நீதியைவிடத் தன் அம்மாவைப் பெரிசாக நினைத்தவர், சார்த்தர்தான் ஆள். இவர்களுக்கு நேரெதிரே இன்னொரு கூட்டம், காம்யு எந்தப் பக்கமும் சாராத மனிதநேயர் என்று புகழ்ந்துகொண்டு, தாங்கள் வாய்மூடி இருப்பதற்கு அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறது. திட்டுபவர்களும் புகழ்பவர்களும் ஒரே பொய்யைத்தான் சொல்கிறார்கள்.

1939 ஜூனில், 25 வயதில், காம்யு ஒரு பத்திரிகைக்காக அல்ஜீரியாவின் கபீலியா மலைப்பகுதிக்குப் போனார். கண்டதைத் தொடர்கட்டுரைகளாக எழுதினார். ஒரு நாளுக்கு எவ்வளவு கூலி, அதற்கு எத்தனை மணிநேர வேலை, ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தானியம் என்று கணக்குப் போட்டு எழுதினார். விடியற்காலையில் பிள்ளைகள் குப்பைத்தொட்டியில் கிடந்ததுக்காக நாய்களோடு அடிபட்டதையும் எழுதினார். அடுத்த வருட ஆரம்பத்தில் அந்தக் குழுவின் பத்திரிகையை அரசாங்கம் தடைசெய்ய, வேலையில்லாமல் பாரிசுக்குப் போனார். சார்த்தர் அல்ஜீரியா பற்றிப் பேசத் தொடங்குவதற்கு இது எத்தனையோ வருடம் முந்தியது. பிறகு 1945 மே மாதம் செதிஃப் பகுதியில் பிரெஞ்சுப் படைகள் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர்களைக் கொன்றன. அந்த மாதமே காம்யு 'கொம்பா' நாளிதழில் அல்ஜீரியாவின் பட்டினியையும் மறுக்கப்பட்ட உரிமைகளையும் பற்றி எழுதினார். ஓகஸ்டில், ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து இரண்டாம் நாள், மற்றப் பத்திரிகைகள் விஞ்ஞானத்தின் வெற்றியை வியந்துகொண்டிருக்க, அதைக் கண்டித்து ஆசிரியத் தலையங்கம் எழுதியதும் இவர்தான். இதுவா மதில்?

இனி அந்த அம்மா கதை. 1957 டிசெம்பரில், நொபெல் பரிசு வாங்கப்போன ஸ்டொக்ஹோமில், ஒரு அல்ஜீரிய இளைஞர் கேள்விகளால் துளைத்தபோது சொன்னது அது. அல்ஜியேயில் டிராம்களில் குண்டு வைக்கிறார்கள், அதில் ஒன்றில் என் அம்மா இருக்கலாம், அதுதான் நீதி எண்டால் எனக்கு அம்மாதான் பெரிசு. சாரம் இவ்வளவுதான். டிராமை வெட்டிவிட்டு அம்மாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த அம்மா பெரிய பண்ணைக்காரியும் இல்லை. புருஷனை 1914இல் யுத்தத்துக்குப் பறிகொடுத்து, ஊர் வீடுகளைத் துப்புரவாக்கிப் பிழைத்தவர். காது சரியாகக் கேளாது. எழுத வாசிக்கத் தெரியாது. இதைப் 'பூர்ஷ்வா உணர்ச்சி' என்று எழுதியவர்கள் டிராமில் போகிறவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

சார்த்தரோடு முறிந்ததும் இதே கேள்வியில்தான். 1951இல் வந்த 'கிளர்ச்சியாளன்' நூலில், நாளைய விடுதலையின் பெயரால் இன்றைய கொலையைக் கணக்குத் தீர்க்கிற புரட்சியைக் காம்யு கேள்வி கேட்டார். அடுத்த வருடம் சார்த்தரின் சஞ்சிகை அவரைக் கிழித்துத் தொங்கவிட்டது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, சோவியத் யூனியன் போய்வந்த சார்த்தர், அங்கே விமர்சிக்கும் சுதந்திரம் முழுமையாக உண்டு எண்டு பேட்டி கொடுத்தார்! சார்த்தரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அல்ஜீரிய விடுதலையின் பக்கம் நின்றதுக்காக அவர் வீட்டுக்கு இருதடவை குண்டு வைத்தார்கள். அது சின்ன விஷயமில்லை. ஆனால் 'சார்த்தர் சரி, காம்யு பிழை' என்று பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி ஒப்புவிக்கிறதை நிப்பாட்டுவோம்.

காம்யு சறுக்கிய இடத்தை நாங்கள் மறைக்கப்போவதில்லை. 'அந்நியன்' நாவலில் சுட்டுக்கொல்லப்படும் அராபியனுக்குப் பெயரே இல்லை. அந்தப் பெயரின்மையைப் பலர் குறித்துப் பேசினார்கள். 2013இல் அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத், செத்தவனுக்கு மூசா என்று பெயர் வைத்து, அவன் தம்பியைப் பேசவைத்து ஒரு நாவலே எழுதினார். அதைவிடப் பெரிய சறுக்கல், அல்ஜீரியர்கள் தனிநாடு கேட்பதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. 1958இல்கூடச் சமஷ்டி மாதிரி ஒன்றைத்தான் முன்வைத்தார். சமஷ்டி எண்ட சொல்லோடு எங்களுக்கு வேறு கணக்கு இருக்கிறது. அங்கேயும் அல்ஜீரியர்கள் கேட்டபோது அது கிடைக்கவில்லை, காம்யு நீட்டியபோது கேட்க ஆளில்லை. இதில் நாங்கள் காம்யுவோடு இல்லை.

ஆனால் விடுதலை நியாயமானது என்பதோடு கேள்வி முடிந்துவிடாது. 1956 ஜனவரி 22 அன்று அல்ஜியேயில் ஒரு கூட்டத்தில் அவர் கேட்டது ஒன்றேயொன்று: யுத்தம் நடக்கட்டும், இரண்டு பக்கமும் பொதுமக்களைத் தொடாதீர்கள். வெளியில் அவரைக் கொல்லச் சொல்லிக் கத்திக்கொண்டு நின்றவர்கள் பிரெஞ்சுக் குடியேறிகள், அவருடைய சொந்தச் சனம். சொந்தச் சனத்தின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லுகிறவரை மதில்மேல் பூனை என்பது சரியான பம்மாத்து.

அவருடைய 'நீதிமான்கள்' நாடகத்தைத்தான் நாங்கள் எல்லாரும் வாசிக்கவேணும். 1905, மொஸ்கோ. ரஷ்யப் புரட்சியாளன் கலியாயெவ் ஒரு கோமகனைக் கொல்லக் குண்டோடு நிற்கிறான். வண்டிக்குள் இரண்டு பிள்ளைகள். அவன் எறியவில்லை. இது வரலாற்றில் நடந்தது. இரண்டு நாள் கழித்துக் கோமகன் பிள்ளைகளில்லாமல் வந்தபோது எறிந்தான், பிறகு தூக்கில் செத்தான். நாடகத்தில் தோழன் ஸ்தெபான் சீறுகிறான்: இரண்டு பிள்ளைகளைப் பார்த்தால் பட்டினியில் சாகிற ஆயிரம் பிள்ளைகளை என்ன செய்வது? வலுவான வாதம். காம்யு அவனைக் கேலிப்பொருளாக்கவில்லை, அவன் முதுகில் சவுக்கடித் தழும்பு இருக்கிறது. அப்போது தோரா அவனிடம் கேட்கிறாள், கண்ணைத் திறந்துகொண்டு, கிட்டநின்று ஒரு பிள்ளையைச் சுட உன்னால் முடியுமா என்று. இயக்கம் கட்டளையிட்டால் முடியும் என்கிறான் அவன். சொல்லும்போது கண் மூடியிருக்கிறது. தோரா அதைக் கண்டுவிடுகிறாள்.

'இயக்கம்' என்ற சொல்லைத் தமிழில் வாசித்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் காட்சியை வெறும் ரஷ்யக் கதையாகக் கடந்துபோக ஏலாது. 2009இல் சுருங்கிய நிலத்துக்குள் அடைபட்ட சனத்தின் மீது அரசு எறிகணை வீசியது. அதற்கு நீதி கேட்கும்போது 'இரு பக்கமும் பிழை' என்று மழுப்புகிறவர்கள் கபீலியாக் கட்டுரைகளை எழுதியவரின் பெயரைத் தொடவே வேண்டாம். அதே வாயால்தான் 1990 ஒக்டோபரையும் கேட்கிறோம். வடக்கு முஸ்லிம்கள் முழுப்பேரையும் அவர்களுடைய வீடுகளிலிருந்து வெளியேற்றியது எந்த விடுதலைக்காக? 'அந்தச் சூழலை விளங்கிக்கொள்ள வேணும் தம்பி' என்கிறார்கள் அண்ணன்மார். விளங்கிக்கொள்ளத்தான் கேட்கிறோம். சோனகதெருவில், திரும்பி வந்து பாதி இடிந்த வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கிற ஒருவரின் வாசலில் நின்று, கண்ணைத் திறந்துகொண்டு, இதே வசனத்தை அவரிடம் சொல்லுவீர்களா அண்ணே?