கண்ணாடித் திரையில் கைநாட்டு!

சென்ற மாதம் இரவு ஷிப்டு முடிந்த கையோடு ஒரு பஞ்சாலைத் தொழிலாளி நமது சங்க அலுவலகத்துக்கு வந்தார். ரிங் பிரேமில் வேலை செய்பவர். தலையில் பஞ்சுத் தூசிகூடப் போகவில்லை. செல்போனில் வந்திருந்த பாங்கிச் செய்திகளைக் காட்டி, "தோழர், நான் கடன் வாங்கவில்லை, சீட்டும் போடவில்லை. மாதம் 199 ரூபாய் யாரோ எடுக்கிறார்கள். நாலு மாதமாக நடக்கிறது" என்றார்.

அவரோடு உட்கார்ந்து தேடினோம். நாலு மாதத்துக்கு முன் மகளின் படிப்புக்காக ஒரு பக்கத்தைத் திறந்திருக்கிறார். "ஒரே ரூபாயில் ஒரு வாரம்!" என்று ஒரு பச்சைப் பட்டன் மினுக்கியது. அழுத்தினார், ரகசிய எண்ணையும் போட்டார். ஒரு ரூபாய்தானே என்று நினைத்தார். ஒரு வாரம் கழிந்ததும் மாதாமாதம் 199 ரூபாய் தானாகவே பிடிக்கப்படும் என்ற வாசகமும் அங்கே இருந்தது. சாம்பல் நிறத்தில், எறும்பு போன்ற எழுத்தில், இங்கிலீஷில் இருந்தது! அழுத்தியது ஒரு தடவை. போனது 796 ரூபாய். அவருக்கு அது ஏறக்குறைய இரண்டு ஷிப்டுக் கூலி.

நிறுத்த வழி தேடினோம். சேருவதற்கு ஒரு பட்டன் போதுமாக இருந்தது. விலகுவதற்கோ, "எங்களை விட்டுப் போகிறீர்களா?" என்று ஒரு பக்கம், "பாதி விலைக்குத் தருகிறோம்" என்று அடுத்த பக்கம், "காரணம் என்ன?" என்று அதற்கடுத்த பக்கம். முக்கால் மணி நேரம் போயிற்று. இது கவனக்குறைவால் நேர்ந்ததா? இல்லை. திட்டமிட்டுக் கட்டப்பட்ட பொறி!

பழைய ரேகை, புதிய ரேகை

நமது கிராமங்களில் லேவாதேவிக்காரன் வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்ட கதையைப் பெரியவர்கள் அறிவார்கள். பெருவிரலில் மசி தடவி உருட்டிய பிறகு, மேலே என்ன எழுதுவது என்பது அவன் இஷ்டம். கேட்டால், "நீ வைத்த ரேகைதானே!" என்பான்.

இன்று மசி இல்லை, பத்திரம் இல்லை. கண்ணாடித் திரை இருக்கிறது. ஆனால் விரல் அதே உழைப்பாளியின் விரல். கம்பெனிக்காரனின் வாதமும் அதே வாதம்தான்: "நீதானே அழுத்தினாய்!"

சுவரொட்டிக்குக் கண் இல்லை. நாம் அதைப் பார்த்தோமா, முகம் சுளித்தோமா என்று அதற்குத் தெரியாது. 1994 அக்டோபரில் அமெரிக்காவில் ஹாட்வயர்டு என்ற இணையதளத்தில் தொட்டால் திறக்கும் விளம்பரப் பட்டைகள் வந்தன. அன்று முதல் விளம்பரத்துக்குக் கண் முளைத்தது. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தொட்டார்கள் என்று வியாபாரி எண்ணத் தொடங்கினான். இன்று எந்த இடத்தில் நம் விரல் தயங்கியது, எந்தப் பொருளைத் திரும்பவும் பார்த்தோம், எந்த நேரத்தில் வாங்குகிறோம் என்பதெல்லாம் அவன் கணக்கில் ஏறுகிறது.

இப்படித் தொட்டால் பதில் சொல்லும் பக்கத்துக்கு 'இன்டராக்டிவ்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். வாடிக்கையாளரோடு உரையாடுகிறோம் என்கிறார்கள். உரையாடலா? நாம் "வேண்டாம்" என்று சொல்ல நினைத்தால், அங்கே அந்தச் சொல்லே இல்லை. "பிறகு பார்க்கலாம்" என்றுதான் இருக்கிறது. நம் வாய்க்குள் புகுந்து அவனே பதிலும் சொல்லிக்கொள்கிறான். இதற்குப் பெயர் உரையாடல் என்றால், மேஸ்திரி அதட்டுவதும் உரையாடல்தான்!

நீலத்தில் எந்த நீலம்?

இந்தப் பக்கங்கள் எப்படித் தயாராகின்றன? ஒரே பக்கத்தை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்றைச் சிலருக்கும், மற்றதை வேறு சிலருக்கும் காட்டுகிறார்கள். எதில் அதிகப் பேர் அழுத்துகிறார்களோ அது நிற்கும், மற்றது போகும். சோதனைக்கு உட்பட்டவர்களிடம் எவரும் அனுமதி கேட்பதில்லை.

கூகிள் கம்பெனி 41 வகை நீல நிறங்களை இவ்விதம் சோதித்தது என்பதை, அங்கிருந்து 2009-ல் வெளியேறிய வடிவமைப்பாளர் டக்ளஸ் போமன் எழுதினார். கண்ணுக்குக் குளிர்ச்சி எது என்பதற்காகவா இந்த ஆராய்ச்சி? விளம்பர இணைப்புகளுக்குச் சரியான நீலத்தைத் தேர்ந்தெடுத்ததால் ஆண்டுக்கு 20 கோடி டாலர் கூடுதலாகக் கிடைத்தது என்று அதே கம்பெனியின் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் 2014-ல் பெருமையோடு சொன்னார். நிறத்துக்குள்ளேயே லாபம் ஒளிந்திருக்கிறது தோழர்களே!

நாற்று நட்டுவிட்டு வந்த சகோதரி பொங்கலுக்கு ஒரு சேலை பார்க்கிறார். "இன்னும் இரண்டே சேலைகள்!" என்கிறது பக்கம். "பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று கடிகாரம் ஓடுகிறது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், கடிகாரம் மறுபடியும் பத்திலிருந்து ஓடும்! ஆலையில் வேகத்தைக் கூட்டி உழைப்பைப் பிழிகிறான். கடையில் அவசரத்தைக் கூட்டிக் கூலியைப் பிழிகிறான். இரண்டும் ஒரே சுரண்டலின் இரண்டு கைகள்.

பத்தாண்டு யுத்தம்

ஏதோ சில்லறைக் கம்பெனிகளின் சேட்டை இது என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். உலகின் மிகப் பெரிய வியாபாரக் கம்பெனிகளில் ஒன்றையே பார்ப்போம்.

அமேசான் கம்பெனி தன் 'பிரைம்' சந்தாவில் ஜனங்களை அறியாமல் சேர்த்தது, விலகவிடாமல் அலைக்கழித்தது என்று அமெரிக்க சர்க்காரின் வர்த்தக ஆணையம் 2023 ஜூனில் வழக்குப் போட்டது. விலகுவதற்கு 4 பக்கங்கள், 6 தடவை அழுத்தல், 15 தேர்வுகள்! இந்த ஏற்பாட்டுக்குக் கம்பெனிக்குள்ளே வைத்திருந்த பெயர் 'இலியட்' என்றது ஆணையம். பத்தாண்டு நடந்த டிராய் யுத்தத்தைப் பற்றிய கிரேக்கக் காவியத்தின் பெயர் அது. சந்தாவிலிருந்து விலகுவது ஒரு மகாயுத்தம் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது!

2025 செப்டம்பரில் வழக்கு சமரசமாக முடிந்தது. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை; ஆனால் 250 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அபராதம் 100 கோடி. சுமார் 3½ கோடிப் பேருக்குத் திருப்பித் தர 150 கோடி. பெரிய தொகையாகத் தோன்றுகிறதா? 2024-ல் அந்தக் கம்பெனியின் விற்பனை 63,800 கோடி டாலர். கட்டிய தொகை அதன் ஒன்றரை நாள் விற்பனைக்குக்கூட ஈடாகாது. அங்கே ஏமாந்தவர்களில் படித்தவர்களுக்குப் பஞ்சமா? ஆகவே, "எழுத்தறியாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள்" என்று நம்மை ஏளனம் செய்பவர்களுக்கு இதுவே பதில்.

செல்போனை உடைக்கவா?

"அப்படியானால் செல்போனையே வேண்டாம் என்கிறீர்களா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை. 1811-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பகுதியில் பின்னல் தொழிலாளிகள் தறிகளை உடைத்தார்கள். அவர்களுடைய பசி நியாயமானது; கோபம் நியாயமானது. ஆனால் எதிரி இயந்திரமல்ல, அதைக் கையில் வைத்திருக்கும் முதலாளி என்பதைத் தொழிலாளி வர்க்கம் அனுபவத்தில் கற்றது. மார்க்ஸ் நமக்குத் தெளிவுபடுத்தியதும் அதைத்தான்.

தொட்டால் பதில் சொல்லும் பக்கம் ஒரு நல்ல சாதனம். நெல்லுக்கு என்ன விலை, பி.எப். பணம் ஏறியதா, ரயில் எத்தனை மணிக்கு என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துகொள்கிறோம். அந்தச் சாதனம் யாருக்காக உழைக்கிறது என்பதே கேள்வி.

திருடன் கையில் சாவி

இந்தச் சூதுகளுக்கு 'டார்க் பேட்டர்ன்', அதாவது இருட்டு வடிவங்கள், என்று 2010-ல் பெயர் வைத்தவர் ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர். நமது மத்திய சர்க்காரும் 2023 நவம்பர் 30-ல் விழித்துக்கொண்டு, 13 வகைச் சூதுகளைப் பட்டியலிட்டு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பொய் அவசரம், கூடைக்குள் கேட்காத பொருளைத் திணிப்பது, விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது, சந்தாப் பொறி எல்லாம் அதில் இருக்கின்றன. இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்பவரை, "நான் பாதுகாப்பின்றியே இருப்பேன்" என்று ஒப்புக்கொள்ள வைத்துக் கூசச் செய்வதும் அதில் உண்டு.

பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் அமல் எங்கே? 2025 ஜூனில் சர்க்கார் கம்பெனிகளுக்குச் சொன்ன யோசனை என்ன தெரியுமா? மூன்று மாதத்துக்குள் உங்களை நீங்களே தணிக்கை செய்துகொள்ளுங்கள் என்பதுதான்! எடை குறைத்த வியாபாரியிடமே தராசைக் கொடுத்து, "சரியாக இருக்கிறதா, நீயே பார்த்துச் சொல்" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மாவட்டம்தோறும் எடைக்கல்லுக்கு முத்திரை வைக்க இன்ஸ்பெக்டர் இருக்கிறார். கோடிக்கணக்கான ஜனங்களின் பணம் புரளும் திரைக்கு இன்ஸ்பெக்டர் வேண்டாமா?

நாம் கோருகிறோம்:

ஒரு தொடுதலில் சேர்க்கிறவன் ஒரு தொடுதலில் விடுவிக்க வேண்டும். விலையும் நிபந்தனையும் தமிழில், விற்பனைப் பட்டனுக்குச் சமமான எழுத்தில் இருக்க வேண்டும். தானாகப் பிடிக்கும் பணத்துக்கு ஒவ்வொரு தடவையும் தொழிலாளியின் சம்மதம் கேட்க வேண்டும். தணிக்கை சர்க்காரின் கையில் இருக்க வேண்டும். ஏமாற்றிப் பிடித்த பணத்தைக் கேட்காமலே திருப்பித் தரவேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கலாமா? கூடாது. ஒவ்வொரு ஆலைவாயிலிலும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் கிளையிலும் ஒரு மாலை உட்காருங்கள். யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' என்ற இடத்தைத் திறந்து, தானாகப் பணம் பிடிக்க யார் யாருக்கு அனுமதி போயிருக்கிறது என்று பாருங்கள். தேவையில்லாததை ரத்து செய்யுங்கள். தெரிந்த தோழர் தெரியாத தோழருக்குக் கற்றுக்கொடுக்கட்டும். ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். வெட்கப்பட வேண்டியவன் பொறி வைத்தவன்!

அந்தப் பஞ்சாலைத் தோழரின் சந்தாவை அன்றே நிறுத்தினோம். போன 796 ரூபாய் இன்னும் வரவில்லை. புகார் நிற்கிறது, நாமும் விடப்போவதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஷிப்டுத் தோழர்கள் அனைவரும் செல்போன்களோடு சங்க அலுவலகத்துக்கு வருகிறார்கள். தனி விரலை அவன் ஏமாற்றுவான். சேர்ந்த விரல்கள் முஷ்டியாகும். அந்த முஷ்டியின் முன் எந்தப் பொறியும் நிற்காது!