இலவசமாய் ஒரு திருட்டு

ஏற்காடு போனவர்களில் பாதிப் பேர் ஏரியில் படகு விட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். இன்னும் மேலே, ஐயாயிரத்து முந்நூறு அடி உயரத்தில், குனிந்து நுழையவேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராம ஜனங்கள் திரளுவார்கள். இம்மாதிரி ஊர்த் திருவிழாக்களின் ஒரே பதிவு பெரும்பாலும் யாரோ செல்போனில் எடுத்து யூட்யூபில் போட்டதுதான்.

'அதான் நெட்ல இருக்கே, டவுன்லோட் எதுக்கு சார்?' என்பவர்களுக்கு ஒரு தேதி சொல்கிறேன். 2020 ஜூன் 29. டிக்டாக் உள்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்ட நாள். தடை சரியா என்பது வேறு விவாதம். பிரதி வைத்துக்கொள்ளாதவர்களின் ஆட்டமும் பாட்டும் அதோடு எட்டாமல் போய்விட்டன. நெட்டில் இருப்பது உங்களிடம் இருப்பதாக ஆகாது. எனவே பிரதி எடுங்கள்.

எதை வைத்து? இங்கேதான் கோட்டை விடுகிறோம். 'ஃப்ரீ டவுன்லோடர்' என்று தேடி, முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்கி, நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தினால் வீடியோ வரும். கூடவே கேட்காத விருந்தாளிகள் நாலு பேரும் வருவார்கள். சும்மா கொடுப்பவன் வேறு வழியில் வசூல் பண்ணுவான்.

மூன்று கேள்வி கேளுங்கள். மூல நிரல் திறந்திருக்கிறதா? கூகுள் பாஸ்வேர்டு கேட்கிறதா? வேறு எதையாவது சேர்த்து நிறுவப் பார்க்கிறதா? மூன்றிலும் தேறுவது ஒய்டி-டிஎல்பி. 2006-ல் பிறந்த யூட்யூப்-டிஎல்லின் வாரிசு. 2020 அக்டோபரில் அமெரிக்க இசைக் கம்பெனிகளின் சங்கம் புகார் செய்ததால் கிட்ஹப் அந்த மூத்ததை நீக்கி, நவம்பரில் திரும்ப வைத்தது. கறுப்பு ஜன்னலில் கட்டளை டைப் அடிக்கவேண்டும். படத்தையும் ஒலியையும் ஒட்டவைக்க எஃப்எஃப்எம்பெக் வேண்டும். ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம். 'கஷ்டம்' என்பது சோம்பலுக்கு இன்னொரு பெயர்.

சட்டம்? 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் இடம் விடுகிறது. யூட்யூபின் நிபந்தனைகள் விடுவதில்லை. புதுப்படத்தைச் சுருட்ட இதை வைத்து நியாயம் பேசாதீர்கள்.

திருவிழா வீடியோவுக்கு இதைவிடச் சுலப வழி உண்டு. போட்டவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். யூட்யூப் சுருக்காத ஒரிஜினலையே பென் டிரைவில் கொடுத்துவிடுவார். வைரஸும் கிடையாது, வழக்கும் கிடையாது.