இரண்டு மணி நேர முடிவும் சாவுக் கணக்கும்

எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரில் 2023இல் மட்டும் 1,61,000 பேர் காசநோயால் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இரண்டு மணி நேரத்தில் நோயைக் கண்டுபிடிக்கும் கருவி கைக்கு வந்து 13 ஆண்டுகள் ஆன பிறகும் இந்த நிலை.

சளியை நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய முறையின் குறை எல்லோரும் அறிந்ததுதான். ஒரு மில்லிலிட்டர் சளியில் சுமார் 10,000 கிருமிகள் இருந்தால்தான் அதில் தென்படும். எதிர்ப்பு சக்தி குன்றியவரின் சளியிலோ கிருமி குறைவு. நோய் முற்றிக்கொண்டிருக்கும், ‘நெகட்டிவ்’ என்று சீட்டு வரும். அதனால்தான் 2010 டிசம்பரில் எக்ஸ்பெர்ட் மூலக்கூறு பரிசோதனை பரிந்துரைக்கப்பட்டபோது அத்தனை எதிர்பார்ப்பு. நம்மூர் மருத்துவமனைகளில் ‘சிபிநாட்’ என்பது இதைத்தான். சளியில் கரைசலைக் கலந்து, கால் மணி நேரம் வைத்திருந்து, கார்ட்ரிட்ஜில் ஊற்றிச் செருகினால் போதும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும்.

தென்னாப்பிரிக்கா 2011இலேயே நாடு முழுக்க இதற்கு மாறத் தொடங்கியது. அங்கு இரு முறைகளையும் ஒப்பிட்டு 4,656 பேரிடம் நடந்த எக்ஸ்டெண்ட் ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. ஆறு மாதத்தில் இறந்தவர்கள் நுண்ணோக்கிப் பிரிவில் 5 சதவீதம், எக்ஸ்பெர்ட் பிரிவில் 3.9 சதவீதம். உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. கருவி ஆய்வகத்தில் இருந்தது, நோயாளி வேறெங்கோ இருந்தார் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால், தெற்கு ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் கிளினிக்கிலேயே கருவியை வைத்து, செவிலியரே இயக்கிப் பார்த்த ஆய்விலும் நோயின் கடுமை குறைந்ததாகத் தெரியவில்லை. அன்றைக்கே மருந்து தொடங்கியோர் கூடியது உண்மை. ஆனால், சளியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் எக்ஸ்ரேயையும் ஆளையும் பார்த்தே மருத்துவர்கள் ஏற்கெனவே மருந்து கொடுத்துவந்தார்கள். அனுபவத்தின் கண்ணை ஆய்வாளர்கள் குறைத்து எடைபோட்டுவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மற்றொரு சிக்கல், சளியே வராதது. படுத்த படுக்கையாகக் கிடப்பவரிடம் டப்பாவை நீட்டினால் எச்சில்தான் வரும். அவரிடமிருந்து எளிதில் கிடைப்பது சிறுநீர். காசநோயைக் கண்டறியும் ‘லாம்’ பட்டையில் அதன் சில சொட்டுகளை விட்டால் 25 நிமிடத்தில் கோடு தெரியும், மின்சாரம் வேண்டாம். அதே நான்கு நாடுகளில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட எச்.ஐ.வி. நோயாளிகள் சுமார் 2,500 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. வழக்கமான பரிசோதனைகளோடு இந்தப் பட்டையையும் சேர்த்தபோது எட்டு வாரச் சாவு 25 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைந்தது. பட்டை எல்லோரையும் கண்டுபிடித்துவிடாது, மருந்து எதிர்ப்பையும் சொல்லாது; அதற்கு எக்ஸ்பெர்ட் வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

எத்தனை கருவிகள் வாங்கினோம் என்று அரசுகள் அறிக்கை விடுவது போதும். எச்.ஐ.வி. நோயாளி வார்டில் சேர்ந்து எத்தனை மணி நேரத்தில் முதல் மாத்திரை வாயில் விழுந்தது என்ற கணக்கை மாவட்டவாரியாக வெளியிடட்டும்.