மண்டையில் அடி!

மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விளையாடிய எதிர்வீட்டுப் பையன் (வயசு ஏழு) தலைகுப்புற விழுந்தான். நெற்றியில் எலுமிச்சம்பழ சைஸுக்கு வீக்கம். உடனே குடும்ப மாநாடு. "ஐஸ் வைடி" என்றார் தாத்தா. "தூங்க விடாதே" என்றார் பாட்டி. அப்பா மட்டும், "ஒண்ணும் ஆகலை, பையன் ஸ்ட்ராங்கு!" என்று கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து பையன், "அம்மா, நான் எப்பம்மா விழுந்தேன்?" என்றான். அஞ்சு நிமிஷத்தில் மறுபடி அதே கேள்வி. அப்புறம் வாந்தி, இரண்டு தடவை. அப்பா கட்டிய லுங்கியோடு ஆட்டோ பிடித்தார்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. "ஆனா கன்கஷன்" என்றார் டாக்டர். மண்டைக்குள் மூளை குலுங்கிய அதிர்ச்சி. இது பொதுவாக ஸ்கேனில் தெரியாது. பிள்ளையின் நடவடிக்கையில்தான் தெரியும். எனவே பெற்றோர்களே, வீக்கத்தைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். மயக்கம், வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சில் குழறல், கேட்டதையே கேட்பது, ஒரு கண்மணி மட்டும் பெரிசாவது, எழுப்பினாலும் எழாத தூக்கம்... ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், 108 இருக்கிறது.

பாட்டிக்கு ஒரு திருத்தம்: டாக்டர் பார்த்துச் சரி என்றபின் தூங்கலாம். தூக்கம் நல்லது. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெள்ளப் பள்ளிக்கூடம். ஓடியாடும் விளையாட்டு மட்டும் டாக்டர் அனுமதித்த பிறகுதான். ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் ஆபத்து.

பையன் இப்போது சௌக்கியம். "அன்னிக்கு மேட்ச்ல யார் சார் ஜெயிச்சா?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"என்ன மேட்ச்?" என்றார்.