பறவைகள் யாருக்காகப் பாடுகின்றன?

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

"குயில் போலப் பாடுகிறாள்" என்று பெண்ணைப் புகழ்வது நம் வழக்கம். ஆனால் சித்திரை வெயிலில் மாந்தோப்பில் சுருதி ஏற்றி ஏற்றிக் கூவுவது கன்னங்கரிய ஆண் குயில். உடலெங்கும் வெண்புள்ளி கொண்ட பெண் குயிலுக்கு வாய்த்தது 'கிக்-கிக்' என்ற கூரிய ஒலிதான். காது கொடுத்துக் கேளாமலேயே புகழ்ந்து பழகிவிட்டோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பறவை நம்மை மகிழ்விக்கப் பாடவில்லை. கோடையில் விடியுமுன்னே உச்சிக் கிளையில் அமர்ந்து பாடும் ஆண் குண்டுக் கரிச்சான், ஒரே பாட்டில் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. மற்ற ஆண்களுக்கு, "இது என் எல்லை, வராதே!" பெட்டைக்கு, "நான் இங்கே இருக்கிறேன், வா!"

இன்னொரு வியப்பும் உண்டு. காக்கைக் கூட்டில் வளர்ந்தாலும், குயில் பெரிதானதும் குயிலாகவே கூவுகிறது. அதன் குரல் பிறவியிலேயே அமைந்தது. கரிச்சான் போன்ற பாடும் பறவைகளோ மூத்தவற்றைக் கேட்டுக் கற்கின்றன. கற்பது தலைமுறைதோறும் சிறிது மாறும். கடலூர்த் தமிழும் நெல்லைத் தமிழும் போல, பிரிந்து வாழும் பறவைகளுக்கும் வட்டார வழக்கு உண்டாகும்.

இதற்குச் சான்று நம் மலைகளிலேயே இருக்கிறது. ஆனைமலை, பழனிமலைச் சோலைகளில் வாழும், வெள்ளை வயிறுடைய நீலநிறக் குருவியின் பாட்டை வி. வி. ராபின் முதலானோர் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டனர். பள்ளத்தாக்குகளால் தொன்றுதொட்டுப் பிரிந்த மலைகளில் மட்டுமல்ல, மனிதன் காடழித்ததால் அண்மையில் பிரிந்த திட்டுகளிலும் பாட்டு வேறுபட்டிருந்தது! 2017-இல் இக்குருவியின் பேரினத்திற்கு 'சோலிகோலா' என்று பெயரிட்டனர். நம் 'சோலை' என்ற சொல்தான் அது.

கோடரி மட்டுமன்று, இரைச்சலும் பாட்டை மாற்றும். நெதர்லாந்தின் லைடன் நகரில், இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழும் பட்டாணிக் குருவிகள் தாழ்ந்த சுருதியைக் கைவிட்டு மேல் சுருதியில் பாடுவதை 2003-இல் கண்டறிந்தனர். 2020 ஊரடங்கில் சான்பிரான்சிஸ்கோ அடங்கியபோது, அங்குள்ள சிட்டுகள் குரலைத் தாழ்த்தி நயமாகப் பாடின.

எங்கள் செம்மங்குப்பத்தை ஒட்டி இரயில் பாதை செல்கிறது, அருகில் தொழிற்பேட்டை. எங்கள் ஊர்க் கரிச்சான் முப்பது ஆண்டுகளுக்கு முன் எப்படிப் பாடியது? யார் கேட்டு எழுதி வைத்தார்கள்?

எழுத்தறியாத என் தந்தை, வலியன் குரல் கேட்டே வயலுக்குப் புறப்படுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அலகு, கால், இறகு வகைகளை எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். குரல் கேட்டுப் பெயர் சொல்ல நமக்குப் பாடம் இல்லை. செய்முறை வகுப்பில் கண்ணுக்கு வேலை உண்டு; காதுக்கும் வேலை வேண்டாமா?

நம்மில் பலர் கிராமத்திலிருந்து வருகிறோம். ஆளுக்கொரு பறவை, ஒரு மாத விடியற்காலை, ஒரு குறிப்பேடு போதும். பதிவு செய்யக் கையில் செல்போன் இருக்கிறது. ஆண்டுதோறும் சேர்த்தால், துறையில் மாவட்டத்துப் பறவைக் குரல்களின் ஏடு ஒன்று உருவாகும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன்.

"இதனால் வேலை கிடைக்குமா?" என்று நண்பர்கள் கேட்கலாம். கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பட்டம் பெற்று ஊர் திரும்பும்போது, தந்தை அறிந்ததையும் நாம் தொலைத்துவிட்டுப் போனால், அது என்ன படிப்பு?